மூளைக்கு ஊசி 48 ஆயிரம், கைக்கு பயிற்சி அரை மணிக்கூர்: ஒரு ஸ்ட்ரோக் ரீஹாப் சென்டர் ரிவியூ

முதல்லயே சொல்லிருதேன், சென்டர் பேரு போட மாட்டேன். போட்டா நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், அப்பாவ பாக்கவா அதுக்கு பின்னால அலையவா. நம்ம குமரி மாவட்டத்துலதான் இருக்கு, அதுக்கு மேல அடையாளம் கேக்காதீங்க. 21 நாள் அப்பாக்க கூட நான்தான் அங்க இருந்தேன். பிசியோவுக்கு 5க்கு 5. சாப்பாட்டுக்கு 4. ஊசி பேக்கேஜுக்கு 0, அதுக்கு கீழ போட வழி இல்ல.

அப்பாவுக்கு 63 வயசு. குலசேகரம் பக்கம் வீடு, 40 வருஷமா ரப்பர் பால்வெட்டுதான். காலம்பற நாலு மணிக்கு நெத்தியில லைட்ட கட்டிட்டு எறங்குனா வெயிலு ஏறுறதுக்குள்ள 300 மரம் வெட்டி முடிச்சிருவாவ. அன்னைக்கு 4:10க்கு அம்மா கையால கட்டன் சாயா வாங்கி குடிச்சிட்டு, மழை வருமான்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு போனாவ. ஆறு மணி போல பக்கத்து தோட்டத்து அண்ணன் பாத்தப்போ மரத்துல சாஞ்சு உக்காந்திருக்காவ, வலது கை தொங்குது, வாய் கோணிட்டு, பேச்சு கொழையுது. கூடுன ஆளுவள்ல ஒருத்தரு சோடா குடுங்கன்னாவ, ஒருத்தரு ஷுகர் கொறஞ்சிருக்கும் வாயில சீனி போடுன்னாவ. நல்ல காலம், அந்த அண்ணன் யாரு சொன்னதையும் காதுல வாங்காம 108க்கு அடிச்சாவ. (விழுங்க முடியாத ஆளுக்கு சோடாவ குடுத்தா அது மூச்சுக்குழாய் வழியா நெஞ்சுக்குள்ள போயிரலாம், தயவுசெய்து செய்யாதீங்க.)

ஆஸ்பத்திரில டாக்டர் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதுல இருக்கு. எப்ப விழுந்தாருன்னு கேக்கல, "கடைசியா நல்லா இருந்தத யாரு, எத்தன மணிக்கு பாத்தீங்க?" அம்மா 4:10ன்னாவ. கணக்கு அங்க இருந்துதான் தொடங்கும்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது. சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்ல அடைப்புதான்னு உறுதி ஆகி, கட்டிய கரைக்குற ஊசி உள்ள ஏறும்போ மணி 8. அந்த ஊசிக்கு பொதுவா நாலரை மணிக்கூர்தான் கெடு, அதாவது 8:40. நாப்பது நிமிஷத்துல தப்பிச்சோம். பெரிய ரத்தக்குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு சராசரியா 19 லட்சம் நரம்பு செல்லு போவும்னு 2006ல கணக்கு போட்டு வச்சிருக்காவளாம், டாக்டர் அத சொன்னப்போ அந்த சோடாவும் சீனியும் எத்தன நிமிஷத்த தின்னுதுன்னு மனசு கணக்கு போட ஆரம்பிச்சுட்டு.

உயிருக்கு ஆபத்து இல்ல, பேச்சு கொஞ்சம் தெளிஞ்சுது, ஆனா வலது கை மட்டும் மரக்கட்டை மாதிரி கெடந்து. பத்தாவது நாள் டிஸ்சார்ஜ். அதுக்கு பெறவுதான் சொந்தக்காரவிய சொல்லி இந்த சென்டருக்கு போனோம்.

கவுண்டர்ல ஒரு வழவழ நோட்டீஸ் குடுத்தாவ. "நியூரோ குரோத் ஃபேக்டர் தெரபி, செத்த மூளை செல் மறுபடி வளரும்", 10 நாள், 48 ஆயிரம். ரூம் வாடகை தனி. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்குறவ, குரோத் ஃபேக்டர்னு (செல்ல வளர வைக்குற புரதம்) பாத்ததும் ஆசையும் வந்துது சந்தேகமும் வந்துது. அந்த பொண்ணுகிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன், இத ஸ்ட்ரோக் வந்து எத்தனாவது நாள் போடணும்னு. "எப்ப வேணும்னாலும் போடலாம் மேடம், போன வாரம் கூட மூணு வருஷம் ஆன ஒருத்தருக்கு ஸ்டார்ட் பண்ணிருக்கோம்"னா. பெருமையாதான் சொன்னா. ஒரு ஊசிக்கு நாப்பது நிமிஷம் முன்ன பின்ன ஆகியிருந்தா போச்சுன்னு பத்து நாளுக்கு முன்னதான் பாத்துட்டு வந்திருக்கேன், இங்க மூணு வருஷம் ஆனாலும் அதே ஊசி அதே விலை.

அண்ணன்காரன் குவைத்துல இருந்து வீடியோ கால்ல, "பைசா பாக்காத, போடு." அம்மா அழுதாவ. போட்டோம். அந்த நேரத்துல வேண்டாம்னு சொல்ல எனக்கு தைரியம் இல்ல, அத மறைக்க மாட்டேன்.

ராத்திரி கூட இருக்குறவங்களுக்கு ஒரு ஒடிஞ்ச கட்டில் போட்டு குடுப்பாவ (அதுக்கு அரை மார்க் கொறைச்சிருக்கணும்), தூக்கம் வராது. எனக்க கூட எம்எஸ்சி படிச்ச கூட்டுகாரி ஒருத்தி திருவனந்தபுரத்துல லேப்ல இருக்கா, அவளுக்கு மெசேஜ் போட்டேன். அவ அனுப்புனத படிக்க படிக்க, எனக்கு ஊசி மேல இருந்த கோவம் அந்த கவுண்டர் பதில் மேல திரும்பிட்டு.

குரோத் ஃபேக்டர்னா கட்டுக்கதை ஒண்ணும் இல்ல, நெசம்தான். நரம்பு வளர வைக்குற புரதம் ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்ச ரீட்டா லெவி மொந்தால்சினி, ஸ்டான்லி கோஹன் ரெண்டு பேருக்கும் 1986ல நோபல் குடுத்திருக்காவ. அந்தம்மா போர் காலத்துல யூதர்ங்குறதால வேலைய விட்டு நிறுத்தினப்போ, படுக்கை அறையிலயே கோழிக்கரு வச்சு ஆராய்ச்சி பண்ணுனவ. அதுக்கு பெறவு இந்த குடும்பத்துல பல புரதம் வந்துட்டு. சிக்கல் என்னன்னா ஸ்ட்ரோக் வந்த மூளை முதல் நாள் ஒரு மூளை, ரெண்டாவது வாரம் வேற மூளை. முதல் சில மணிக்கூர் செல்லு சாவும், ரத்தக்குழாய் சுவரு இளகும், நீர் கோத்து வீங்கும். நாள் போகப்போகத்தான் சுத்தம் பண்ணி புது குழாய் புது இணைப்புன்னு வேலை தொடங்கும். முன்னதுக்கு உதவுறது பின்னதுக்கு உதவணும்னு இல்ல, பின்னதுக்கு உதவுறது முன்னாலயே போனா கெடுக்கவும் செய்யும்.

இதுக்கு நல்ல உதாரணம் விஇஜிஎஃப்னு ஒரு புரதம், புது ரத்தக்குழாய் முளைக்க வைக்கும். கேட்டா அமிர்தம் மாதிரி இருக்கு இல்லியா. 1983ல அத கண்டுபிடிச்சப்போ அதுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா, ரத்தக்குழாய கசிய வைக்குற காரணி. 2000ல எலிக்கு ஸ்ட்ரோக் வர வச்சு ஒரு கூட்டத்துக்கு ஒரு மணிக்கூர்ல இத ஏத்துனாவ, மூளைக்குள்ள கசிவும் ரத்தப்போக்கும் கூடிட்டு. இன்னொரு கூட்டத்துக்கு 48 மணிக்கூர் கழிச்சு ஏத்துனாவ, அதுகளுக்கு புது குழாய் வந்து, நடமாட்டமும் தேறிட்டு. மருந்து அதேதான், எலியும் அதேதான், மாறினது மணி மட்டும்.

இத அப்பாகிட்ட சொன்னேன். பேச்சு அப்பவும் இழுக்கும், மெதுவா சொன்னாவ, "மக்ளே, எளம் மரத்துல கத்திய வச்சா மரம் போச்சு. நேரம் வெளுத்த பெறவு வச்சா பால் போச்சு." ஏழு வருஷமாவது ஆகி மரம் பருத்த பெறவுதான் வெட்டு தொடங்கணும், அதுவும் வெயிலுக்கு முந்தி வெட்டுனாதான் பால் புடிக்குற செரட்டை நெறையும். எனக்கு நாலு ராத்திரி ஆச்சு இத புரிஞ்சுக்க, அவியளுக்கு நாலு வார்த்தை.

சரி, மனுசனுக்கு போட்டு பாத்திருக்காவளான்னு கேட்டா, பாத்திருக்காவ, பெருசாவே. பிஎஃப்ஜிஎஃப்னு ஒரு குரோத் ஃபேக்டர், ஐரோப்பாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் 286 பேருக்கு, ஸ்ட்ரோக் வந்து 6 மணிக்கூருக்குள்ள. பலன் வர வாய்ப்பு கம்மின்னு நடுவுலயே நிறுத்திட்டாவ, 2002ல முடிவு வந்துது. அதுல ஒரு விசித்திரம், 5 மணிக்கூர் கழிச்சு ஊசி கெடைச்சவங்கதான் கொஞ்சம் மேலா இருந்த மாதிரி தெரிஞ்சுதாம். அது பின்னால கிளறி பாத்த கணக்கு, அத நம்பி ஊசி போட முடியாது, ஆனா நேரத்த தப்பா புடிச்சிட்டோமோன்னு அவங்களுக்கே ஒரு உறுத்தல் வந்திருக்கும்ல. அடுத்து எரித்ரோபொய்ட்டின். நம்ம ஊருல டயாலிசிஸ் பண்ற வீட்டுக்கெல்லாம் தெரியும், ரத்தம் ஊற போடுற ஊசி. அது மூளைய காக்கும்னு எலியில பாத்துட்டு ஜெர்மனியில 522 பேருக்கு சோதிச்சாவ, 2009ல முடிவு. ஊசி போட்டவங்கள்ல 16.4 சதவீதம் இறந்துட்டாவ, போடாதவங்கள்ல 9 சதவீதம். அந்த சோதனையில இருந்த பாதிக்கு மேல பேருக்கு கட்டி கரைக்குற ஊசியும் போட்டிருந்தாவ, ரெண்டும் சேந்து கெடுத்துதோன்னு சந்தேகம். அப்பாவும் அந்த ஊசி போட்டவருதானேன்னு எனக்கு உள்ளங்கை வேர்த்துட்டு. மூணாவது ஜி-சிஎஸ்எஃப், கேன்சர் ஊசி போட்டவங்களுக்கு வெள்ளணு ஏத்த குடுக்குறது, 328 பேருக்கு 9 மணிக்கூருக்குள்ள குடுத்தாவ, 2013ல முடிவு, நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல.

எலிக்கு வேலை செய்றது நமக்கு ஏன் செய்யலன்னு கூட்டுகாரிகிட்ட கேட்டேன். எலிக்கு ஸ்ட்ரோக் எத்தன மணிக்கு வந்துதுன்னு செகண்ட் சுத்தமா தெரியும், வர வச்சதே நாமதானேன்னா. அந்த எலிக்கு பிரஷர் இல்ல, ஷுகர் இல்ல, எளசு. நம்ம ஆளு 63 வயசுல ரப்பர் தோட்டத்துல ரெண்டு மணிக்கூர் தனியா கெடந்தவரு.

ஆறாவது நாள்தான் உண்மையான கூத்து. ஊசி பாட்டில் எப்பவும் டிரேல துணி மூடிதான் வரும், பேரு கேட்டா "ஹெட் ஆஃபீஸ் ஃபார்முலா"ம்பாவ. பில்லுலயும் "நியூரோ குரோத் பேக்கேஜ்" மட்டும்தான், மருந்து பேரு கெடையாது. அன்னைக்கு புதுசா வந்த ஒரு நர்ஸ் பொண்ணு பாட்டில ஜன்னல் மேல வச்சுட்டு போயிட்டா. ரெண்டு பாட்டில். ஒண்ணு சிட்டிகோலின், ஸ்ட்ரோக்குக்கு எழுதுற ஒரு மருந்து. இன்னொண்ணு மீத்தைல்கோபாலமின், அதாவது பி12 வைட்டமின். ரெண்டும் குரோத் ஃபேக்டரே இல்ல! நாலு ராத்திரி நான் ரத்தக்குழாய் கசியுமா நேரம் தப்பிட்டோன்னு வெப்ராளப்பட்டு படிச்சதெல்லாம் வேற ஏதோ மருந்த பத்தி. சிரிக்கவா அழவான்னு தெரியல. ரெண்டுமே பல எடத்துல டாக்டருங்க எழுதுற மருந்துதான், விஷம் ஒண்ணும் இல்ல. ஆனா சிட்டிகோலின 2298 பேருக்கு, ஸ்ட்ரோக் வந்து 24 மணிக்கூருக்குள்ள தொடங்கி சோதிச்சு, சும்மா மருந்துக்கும் (உள்ள மருந்தே இல்லாதது) இதுக்கும் வித்தியாசம் இல்லன்னு 2012லயே வந்தாச்சு. பி12 கொறவு இருந்தா பி12 போடணும், அப்பாவுக்கு கொறவு இருக்கான்னு ஒருத்தரும் ரத்தம் எடுத்து பாக்கல. மெடிக்கல்ல விலை விசாரிச்சேன், பத்து நாளைக்கு கூட்டி பாத்தாலும் இவங்க வாங்குனதுல கால்வாசி வராது.

மேனேஜர்கிட்ட போய் கேட்டேன். "எல்லாம் நரம்பு வளர்ச்சிக்கு உள்ளதுதானே மேடம்"னாரு. அப்போ நோட்டீஸ்ல வைட்டமின்னு போடுங்கன்னேன். மிச்சம் நாலு நாள் ஊசி வேண்டாம், பைசாவ குடுங்கன்னேன், பேக்கேஜ் உடைக்க முடியாதாம். அப்ப அந்த பைசாவுக்கு பிசியோ நேரத்தயாவது கூட்டி குடுங்கன்னு ஒத்த காலுல நின்னேன். அரை மணிக்கூர் இருந்தத ஒரு மணிக்கூர் ஆக்கி குடுத்தாரு, கடைசி நாள் வரைக்கும். அத செய்தாரு, இல்லன்னு சொல்ல மாட்டேன். வேற யாராவது இந்த மாதிரி எடத்துல மாட்டுனா இந்த வழிய கேட்டு பாருங்க.

இனி நல்லத சொல்லுதேன். பிசியோ தம்பி கொளச்சல் பக்கத்து பையன், முப்பது வயசு கூட ஆகாது. முதல் நாளே அப்பாகிட்ட "மாமா, உங்க தொழிலு என்ன, எந்த கை"ன்னு கேட்டான், ரிப்போர்ட்ட பெறவுதான் பாத்தான். மறுநாள் வீட்டுல இருந்து செரட்டை கொண்டு வர சொன்னான். ரப்பர் பந்த அமுக்கு, கையத்தூக்குன்னு எல்லாருக்கும் ஒரே பாடம் எடுக்குற எடத்துல, இவன் அப்பாவுக்கு செரட்டைய தூக்கி கம்பியில வைக்க சொல்லி குடுத்தான். நல்ல கையால ஏமாத்தாம இருக்க இடது கையில ஒரு தடிச்ச உறைய மாட்டி விட்டான். ஒரு நாளைக்கு நூறு தடவை. அப்பாவுக்கு கோவம் வரும், "சவத்த எடுத்துட்டு போ"ன்னு கத்துவாவ, அவன் சிரிச்சிட்டு "மாமா இன்னும் 12 பாக்கி"ம்பான்.

ஆஸ்பத்திரில முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கலியேன்னு எனக்கு ஒரு ஆத்திரம் இருந்துது. அவன்கிட்ட கேட்டதுக்கு அவன்தான் சொன்னான், 24 மணிக்கூருக்குள்ளயே ரொம்ப எழுப்பி நடக்க வச்சு 2104 பேருக்கு சோதிச்சாவ, 2015ல முடிவு, அப்பிடி அவசரப்பட்டவங்கதான் கொஞ்சம் மோசமா தேறுனாவளாம். அப்ப எப்ப ஜாஸ்தி செய்யணும்னா, அதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. சின்னதுதான், 72 பேரு, 2021ல வந்துது. எல்லாருக்கும் வழக்கமான பயிற்சி, அதுக்கு மேல கூடுதலா 20 மணிக்கூர் கைப்பயிற்சி. சிலருக்கு முதல் மாசத்துல, சிலருக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும்போ, சிலருக்கு ஆறு மாசம் கழிச்சு. ரெண்டு மூணு மாசத்துல வாங்குனவங்களுக்குதான் கை நல்லா தேறிருக்கு, முதல் மாசத்துக்காரங்களுக்கு கொஞ்சம், ஆறு மாசம் தாண்டுனவங்களுக்கு கூடுதல் பலன் தெரியல. அதுக்காக ஆறு மாசம் ஆச்சு இனி ஒண்ணும் இல்லன்னு கைய கட்டிட்டு இருக்காண்டாம், அதுக்கு பெறவும் பழகினா மாற்றம் வரும், வேகம்தான் கொறையும்னான். பேசிட்டே அப்பாக்க விரல நீட்டி விட்டுட்டு இருந்தான், ஒரு நிமிஷம் கூட சும்மா நிக்கல.

இன்னொரு விஷயம் கூட்டுகாரி சொன்னா, அது இந்த 48 ஆயிரம் கதைக்கு வச்ச ஆப்பு. பிடிஎன்எஃப்னு மூளையில ஒரு குரோத் ஃபேக்டர் இருக்கு, நரம்பு இணைப்பு பலப்பட அது வேணும். அத கையில ஊசியா ஏத்துனா மூளைக்குள்ள போறது ரொம்ப கஷ்டம், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்பு அவ்வளவு பெரிய புரதத்த லேசுல விடாது. ஆனா உடம்ப அசைச்சு பயிற்சி செய்தா அது கூடும். அந்த சென்டர்ல நெசமாவே குரோத் ஃபேக்டர் குடுத்த ஒரே ஆளு அந்த கொளச்சல் தம்பிதான், அதுக்கு அவனுக்கு ஒரு நாளைக்கு அரை மணிக்கூர்தான் ஒதுக்கி வச்சிருந்தாவ.

சாப்பாடு பத்தி சொல்லணும்ல. கான்டீன் அக்கா உப்பு கொறச்சு, மரச்சீனி கெழங்கும் சாளை மீனும் வைப்பாவ, அப்பா விழுங்க செரமப்படுறது பாத்துட்டு கெழங்க நல்லா மசிச்சு தனியா தருவாவ, யாரும் சொல்லாமலே. சாயா மட்டும் வெறும் வெந்நி. அதான் ஒரு மார்க் கொறைச்சேன்.

இப்போ அஞ்சாவது மாசம். கையில தேறுதல் இருக்கு, செரட்டைய எடுத்து வைக்க முடியுது, சட்டை பட்டன் போட முடியல, கத்தி புடிக்க முடியல. அண்ணன்காரன் "பாத்தியா ஊசி வேலை செய்துட்டு"ங்கான். ஊசியும் போட்டோம், பயிற்சியும் செய்தோம், முதல் மூணு மாசத்துல மூளை தானா கொஞ்சம் தேறவும் செய்யும், இதுல எது எவ்வளவுன்னு ஒரு ஆள வச்சு சொல்லவே முடியாது, அதுக்குதான் ஆயிரக்கணக்குல ஆள வச்சு பாதி பேருக்கு சும்மா மருந்து குடுத்து பாக்குறாவன்னு சொன்னேன். "நீ டீச்சர், உன்கிட்ட பேச முடியாது"ன்னு போனை வச்சுட்டான்.

இனி அங்க போறவங்களுக்கு: பிசியோ மட்டும் வெளிநோயாளியா எடுங்க, தருவாவ, நாங்க இப்ப அப்பிடித்தான் வாரத்துக்கு மூணு நாள் போறோம், ஒரு தடவைக்கு 400. காலம்பற முதல் நேரத்த கேட்டு வாங்குங்க, மத்தியானம் ஆனா கூட்டம், தம்பிக்கும் கை ஓஞ்சிரும். ஏத்துற மருந்து எதுன்னாலும் பாட்டில கையில வாங்கி போட்டோ எடுத்துட்டு விடுங்க, காட்ட மாட்டோம்னா போடாண்டாம்.

போன வாரம் கவுண்டர்ல இருந்து போன் வந்துது. ரெண்டாவது கோர்ஸ் ஊசிக்கு 20 சதவீதம் தள்ளுபடியாம். எந்த மருந்து, ஸ்ட்ரோக் வந்து எத்தனாவது நாளுக்கு உள்ளதுன்னு கேட்டேன். டாக்டர்கிட்ட கேட்டு சொல்றேன் மேடம்னா. இன்னும் கூப்பிடல.